கையைத் தேய்த்துவிடச் சொன்ன அதிபர்... மூளையில் அடைபட்டிருந்த ரத்தக்குழாய்!

1919-ம் ஆண்டு, அக்டோபர் 2, வியாழக்கிழமை. வாஷிங்டன் வெள்ளை மாளிகையின் மாடி. காலை எட்டு மணியைத் தாண்டியிருந்தது. உடல்நலமில்லாத கணவரை இரவெல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எடித், விடியும் நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார். எழுந்துபோய்ப் பார்த்தபோது கணவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை எடுக்கத் தடுமாறிக்கொண்டிருந்தார். இடது கை துவண்டு தொங்கியது.

அந்தக் கையில் உணர்ச்சியே இல்லை என்றார் கணவர். தேய்த்துவிடச் சொன்னார். அதற்கு முன்னால் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். எடித் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு, டாக்டரைக் கூப்பிடுவதற்காகப் போனுக்கு ஓடினார். பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஏதோ சத்தம். திரும்பி வந்து பார்த்தால், கணவர் தரையில் கிடந்தார்.

அவர் உட்ரோ வில்சன். அமெரிக்காவின் 28-வது அதிபர். அப்போது வயது 62. முதல் உலகப்போர் முடிந்து, உலக வரைபடமே புதிதாக வரையப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், உலகிலேயே அதிகம் கவனிக்கப்பட்ட மனிதர்.

அன்று மாலை பிலடெல்பியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட நரம்பியல் நிபுணர் ஃபிரான்சிஸ் டெர்கம் அதிபரைப் பரிசோதித்தார். இடது கையும் இடது காலும் முழுமையாகச் செயலிழந்திருந்தன. முகத்தின் இடது கீழ்ப்பகுதி தொய்ந்திருந்தது. மூளையின் வலது பாதிக்கு ரத்தம் கொண்டுபோகும் நடுமூளைத் தமனியில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது டெர்கமின் முடிவு. ஸ்கேன் என்ற சொல்லே மருத்துவத்தில் இல்லாத காலம். கையையும் காலையும் தூக்கிப் பார்த்து, கண்ணை உற்றுப் பார்த்து, எந்தக் குழாய் என்பதுவரை ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அந்த முடிவு நாட்டு மக்களுக்குச் சொல்லப்படவில்லை. அதிபருக்கு நரம்புத் தளர்ச்சி, ஓய்வு தேவை என்று மட்டும் அறிவிப்பு வந்தது.

பென்சில் முனை அளவுகூட இல்லாத குழாய்

கழுத்தின் இருபுறமும் விரலை வைத்து அழுத்தினால் துடிப்பு தெரியும். அதுதான் கரோட்டிட் தமனி. அதன் உட்கிளை மண்டையோட்டுக்குள் நுழைந்து பிரியும்போது உண்டாகிற மிகப்பெரிய கிளைதான் நடுமூளைத் தமனி. பெரியது என்றாலும் அதன் விட்டம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். கையையும் முகத்தையும் அசைக்கும் பகுதி, தொட்டால் உணரும் பகுதி, பேச்சுக்கான பகுதி, நம்மைச் சுற்றியிருக்கும் இடத்தைக் கவனிக்கும் பகுதி என்று மூளையின் பக்கவாட்டுப் பரப்பில் பெரும்பங்கு இந்தக் குழாயை நம்பித்தான் இருக்கிறது.

நம் உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவிகிதம். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவிகிதம் மூளைக்கே போகிறது. பசியைத் தாங்கத் தெரியாத உறுப்பு அது. சேமிப்பும் கிடையாது. ரத்தம் நின்றால் சில நிமிடங்களிலேயே செல்கள் சாகத் தொடங்கும்.

ஆனால் எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் சாவதில்லை. டெல்டாவில் விவசாயம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வாய்க்கால் தலைப்பில் அடைத்துக்கொண்டால் அதன் பாசனத்தையே முழுக்க நம்பியிருக்கும் வயல் முதலில் காயும். ஓரத்து வயல்களுக்குப் பக்கத்து வாய்க்காலிலிருந்து கொஞ்சம் நீர் கசிந்து வரும். பயிர் வாடும், தலை சாயும். ஆனாலும் கருகாமல் சில பொழுது தாக்குப்பிடிக்கும். அதற்குள் அடைப்பை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

மூளையிலும் அப்படித்தான். நடுவில் செத்துப்போன பகுதி. அதைச் சுற்றிலும் வேலை செய்யாமல், ஆனால் சாகாமல் காத்திருக்கும் பகுதி. இந்த இரண்டாவது பகுதிக்கு 'அரைநிழல்' என்று பொருள்படும் 'பெனம்ப்ரா' என்ற பெயரை 1981-ல் ஆய்வாளர்கள் நிலைநிறுத்தினார்கள். இன்றைய ஸ்ட்ரோக் சிகிச்சை முழுவதும் இந்த அரைநிழலைக் காப்பாற்றுவதற்கான ஓட்டம்தான்.

எவ்வளவு வேகமாக ஓட வேண்டும்? அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் ஒரு கணக்குப் போட்டார். மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டு, சிகிச்சை இல்லாமல் விடப்பட்டால் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன. ஒரு மணி நேரத் தாமதம் என்பது மூளைக்கு இயல்பாக வயதாகும் கணக்கில் சுமார் மூன்றரை வருடங்களுக்குச் சமம். சராசரிக் கணக்குதான் இது. சிலருக்குப் பக்கத்து வாய்க்கால் நன்றாக இருக்கும், நேரம் கூடக் கிடைக்கும். சிலருக்கு அதுவும் இருக்காது.

வில்சனுக்கு அந்த நேரம் கிடைத்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. 1919-ல் அடைப்பைக் கரைக்க மருந்து கிடையாது. படுக்கவைத்துக் காத்திருப்பதுதான் வைத்தியம்.

ஒரு வாரம் முன்பே தட்டப்பட்ட கதவு

அக்டோபர் 2 திடீரென்று வந்த நாள் அல்ல.

போர் முடிந்ததும் உருவான வெர்சாய் உடன்படிக்கையையும், அதில் தன் கனவான சர்வதேச சங்கத்தையும் அமெரிக்க செனட் ஏற்க வேண்டும் என்பதற்காக, செப்டம்பர் 3 அன்று மக்களிடமே நேரடியாகப் பேசக் கிளம்பியிருந்தார் வில்சன். 22 நாள் ரயில் பயணம். சுமார் 13,000 கிலோமீட்டர். ஒலிபெருக்கி இல்லாத பல மேடைகளில், சில நாள்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டங்கள். ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர். வழி முழுக்கத் தலைவலி. உட்கார்ந்தபடியே தூக்கம்.

செப்டம்பர் 25, கொலராடோ மாநிலத்தின் ப்யூப்லோ ஊரில் பேசி முடித்த இரவு, ரயிலில் நிலைமை மோசமானது. விடியற்காலையில் பார்த்தபோது அதிபரின் முகத்தில் ஒரு பக்கம் தொய்ந்திருந்தது என்று அவருடைய செயலாளர் ஜோசப் டமல்டி பிற்பாடு எழுதினார். பயணம் பாதியில் ரத்தானது. வில்சன் அதற்குச் சுலபத்தில் சம்மதிக்கவில்லை. பாதியில் ஓடிவிட்டான் என்பார்களே என்பதுதான் அவர் கவலை. வாஷிங்டன் திரும்பிய நான்காம் நாள் காலையில்தான் கை தொங்கியது.

அதற்கும் முன்னால் போனால், 1906-ல் ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது கண்ணில் பார்வை மங்கியிருந்தது. 1896-ல் வலது கையில் பலவீனம் வந்து, இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். இவையெல்லாம் சின்னச் சின்ன ஸ்ட்ரோக்குகளா, வேறு காரணமா என்று வரலாற்று ஆசிரியர்களும் மருத்துவர்களும் இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இன்று 60 வயதைத் தாண்டிய, ரத்த அழுத்தம் உள்ள ஒருவருக்குச் சில நிமிடங்கள் முகம் கோணி, அல்லது கை மரத்து, அல்லது ஒரு கண் இருண்டு, தானாகவே சரியாகிவிட்டால் எந்த நரம்பியல் நிபுணரும் அதை அசட்டை செய்ய மாட்டார். மினி ஸ்ட்ரோக் என்று நாம் சொல்வது இதைத்தான். அடைப்பு வந்து, தானே விலகியிருக்கிறது. அதை அடுத்து வரும் சில நாள்கள்தான் பெரிய ஸ்ட்ரோக்குக்கு அதிக வாய்ப்புள்ள நாள்கள்.

"நேத்து கொஞ்ச நேரம் வாய் குழறுச்சு, காபி குடிச்சேன், சரியாப் போச்சு" என்று வீட்டில் யாராவது சொன்னால் அன்றே ஆஸ்பத்திரி.

வாய் பேசியது, அதனால் மறைக்க முடிந்தது

அன்று காலை எடித் டாக்டருக்கு நேராகப் போன் செய்யவில்லை. வெள்ளை மாளிகையின் பொதுவான தொலைபேசி இணைப்பில் பேசினால் ஆபரேட்டர்கள் காதில் விழும். அதனால் தனி இணைப்பில் தலைமை ஊழியர் ஐக் ஹூவரைக் கூப்பிட்டு, டாக்டர் கேரி கிரேசனை வரவழைக்கச் சொன்னார். மறைப்பு முதல் நிமிடத்திலேயே தொடங்கிவிட்டது.

அதன் பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. அதிபரின் அறைக்குள் யார் போகலாம், எந்தக் கோப்பு போகலாம் என்பதை 46 வயது எடித் முடிவு செய்தார். துணை அதிபர் தாமஸ் மார்ஷலுக்கே அதிகாரபூர்வமாக எதுவும் சொல்லப்படவில்லை. வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங், அமைச்சரவையைத் தானே கூட்டினார் என்ற காரணத்துக்காக 1920 பிப்ரவரியில் பதவியை இழந்தார். எடித்தை 'ரகசிய அதிபர்' என்று திட்டியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. படுத்த படுக்கையான கணவரையும், வாசலில் நிற்கும் உலகத்தையும் ஒரே நேரத்தில் சமாளித்த மனைவி என்று பார்ப்பவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் இந்த மறைப்பு எப்படிச் சாத்தியமானது என்பதற்கு ஒரு மருத்துவக் காரணம் இருக்கிறது. அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் பேச்சு மையம் மூளையின் இடது பாதியில் இருக்கிறது. இடது நடுமூளைத் தமனி அடைபட்டால் வலது கை, கால் செயலிழப்பதோடு பேச்சும் போய்விடும். வில்சனுக்கு அடைத்தது வலது பக்கம். அதனால் கை, கால் போயிற்று, பேச்சு தப்பித்தது. டிசம்பர் 5 அன்று இரண்டு செனட்டர்கள், அதிபர் நிஜமாகவே புத்தி தெளிவோடு இருக்கிறாரா என்று பார்க்கவே வந்தார்கள். இடது கை போர்வைக்குள் இருந்தது. காகிதங்கள் வலது கைக்கு எட்டும்படி மேஜையில் வைக்கப்பட்டிருந்தன. வில்சன் கிண்டலும் கேலியுமாகப் பேசி அனுப்பிவைத்தார். வந்தவர்கள் திருப்தியோடு போனார்கள். இடது பக்கம் அடைத்திருந்தால் இந்த நாடகம் ஐந்து நிமிடம்கூட நின்றிருக்காது.

ஆனால், பேச்சு நன்றாக இருந்தால் மூளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வலது பாதி பாதிக்கப்பட்ட சிலருக்கு வினோதமான ஒரு குறை வரும். தனக்குக் கை விளங்கவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. பொய் சொல்வதில்லை, மறைப்பதில்லை. உண்மையாகவே தெரியாது. "கையைத் தூக்குங்க" என்றால், தூக்காமலேயே தூக்கிவிட்டேன் என்பார்கள். இதற்கு அனோசொக்னோசியா என்று 1914-ல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஜோசப் பாபின்ஸ்கி. தன் இடது பக்கத்தில் நிற்பவர்களையே கவனிக்காமல் விடுவது, நிலைமையின் தீவிரம் உறைக்காமல் இருப்பது, சட்டென்று கோபப்படுவது எல்லாம் இதோடு சேர்ந்து வரலாம்.

வில்சன் தனக்குக் கொஞ்சம் கால் ஊனம், அவ்வளவுதான் என்கிற மாதிரியே பேசிவந்தார். மூன்றாம் முறையும் அதிபர் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டார். இந்தக் குறை அவருக்கு இருந்தது என்று 1981-ல் தனிப் புத்தகமே எழுதினார் மருத்துவர் எட்வின் வைன்ஸ்டைன்.

விலை பெரியது. சில திருத்தங்களோடு உடன்படிக்கையை ஏற்கத் தயாராக இருந்த செனட்டர்கள் இருந்தார்கள். ஒரு சொல்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தன் கட்சிக்காரர்களுக்குப் படுக்கையிலிருந்தே உத்தரவு போட்டார் வில்சன். 1919 நவம்பர் 19-ல் உடன்படிக்கை தோற்றது. 1920 மார்ச் 19-ல் மறுபடியும் வாக்கெடுப்பு. ஆதரவு 49, எதிர்ப்பு 35. மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்குகள் குறைவு. சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா கடைசிவரை சேரவே இல்லை. ஸ்ட்ரோக் வராமல் இருந்திருந்தால் சமரசம் செய்திருப்பாரா? சொல்ல முடியாது. அதற்கு முன்பும் அவர் பிடிவாதக்காரர்தான்.

இந்தப் பெயர் ஒரு காலத்தில் சென்னையிலும் நம்பிக்கையாக இருந்தது என்பதை இடையில் சொல்லிவிட வேண்டும். 1917 ஜூனில், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற சர் எஸ்.சுப்பிரமணிய ஐயர், இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று வில்சனுக்கே கடிதம் எழுதினார். மதுரைக்காரர். மணி ஐயர் என்றால் அன்று தெரியாதவர் இல்லை. ஆங்கிலேய அரசு கண்டித்தபோது, 'சர்' பட்டத்தையும் 'திவான் பகதூர்' பட்டத்தையும் துறந்தார். கடிதம் எழுதியவர், பெற்றவர் இருவருமே 1924-ல்தான் காலமானார்கள்.

அதே அதிபர் இன்று விழுந்திருந்தால்?

முதல் கேள்வி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான். எடித் பார்த்தது எட்டு மணிக்கு மேல். ஆனால் இன்றைய டாக்டர் எட்டு மணியைக் கணக்கில் எடுக்க மாட்டார். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்பார். விடியற்காலை ஐந்து, ஆறு மணிவாக்கில் எட்டிப் பார்த்தபோது வழக்கம்போலத்தான் தூங்கிக்கொண்டிருந்தார் என்று எடித் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தூங்குகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஆகவே, இரவு படுக்கப்போகும் முன் பேசிய நேரம்தான் கணக்கு. நம் வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் திணறுகிறோம். அப்பா எப்போது சாப்பிட்டார், எப்போது போனில் பேசினார், பால்காரரிடம் எப்போது பேசினார் என்று யோசித்தாலே ஒரு நேரம் கிடைக்கும்.

அடுத்தது சி.டி. ஸ்கேன். ஸ்ட்ரோக்கில் இரண்டு வகை. குழாய் அடைபடுவது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. அடைப்புதான் அதிகம். 1945 ஏப்ரல் 12-ல் இன்னொரு அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைக் கொன்றது மூளை ரத்தக்கசிவு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கலாம். சிகிச்சையோ நேர் எதிர். அடைப்பைக் கரைக்கும் மருந்தை, கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் கதை முடிந்தது. 1971-ல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்ட பிறகுதான், உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வழி பிறந்தது.

அடைப்புதான் என்று உறுதியானால், நாலரை மணி நேரத்துக்குள் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. ஆல்டிபிளேஸ், டெனெக்டிபிளேஸ் என்று பெயர்கள். முதலில் மூன்று மணி நேரம் என்றுதான் வரையறுத்திருந்தார்கள், 1995-ல் வந்த ஆய்வை வைத்து. 2008-ல் இன்னோர் ஆய்வுக்குப் பிறகு நாலரை ஆனது. எல்லோருக்கும் இந்த ஊசி போட முடியாது. சமீபத்தில் பெரிய ஆபரேஷன் ஆனவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர் என்று பலரை யோசித்துத்தான் முடிவெடுப்பார்கள்.

வில்சனுக்கு வந்ததைப் போல பெரிய குழாய் அடைப்பில் ஊசி மட்டும் பல நேரம் போதாது. கட்டி பெரிது, எளிதில் கரையாது. இதற்குத்தான் த்ராம்பெக்டமி. தொடை இடுக்கில் அல்லது மணிக்கட்டில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, மூளைவரை கொண்டுபோய், சிறு கம்பி வலையால் கட்டியைப் பிடித்தோ உறிஞ்சியோ வெளியே எடுத்துவிடுகிறார்கள். நீண்ட நாள் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட இந்த முறை, 2015-ல் அடுத்தடுத்து வெளிவந்த ஐந்து ஆய்வுகளால் உலகம் முழுக்க ஏற்கப்பட்டது. 2018-ல் இன்னொரு திருப்பம். அரைநிழல் பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று ஸ்கேன் காட்டினால், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம்வரைகூட இதைச் செய்யலாம் என்று தெரிந்தது. தூக்கத்திலேயே ஸ்ட்ரோக் வந்து காலையில் கை தொங்க எழுபவர்களுக்கு இது பெரிய வரம்.

இப்படிச் சொன்னதும், "அப்போ 24 மணி நேரம் இருக்கே" என்று நிதானமாகக் கிளம்பிவிடக் கூடாது. அந்த நீட்டிப்பு பக்கத்து வாய்க்கால் நன்றாக இருக்கிறவர்களுக்குத்தான். அது யாருக்கு இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று, இந்தச் சிகிச்சைக்கான கேத் லேபும் நிபுணரும் எல்லா ஊரிலும் இல்லை. செலவும் அதிகம். ஊரில் எந்த மருத்துவமனையில் ராத்திரியிலும் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள் என்பதை, வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. முதலில் பக்கத்து கிளினிக், அங்கிருந்து நர்சிங் ஹோம், அங்கே ஸ்கேன் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரி என்று சுற்றுவதில்தான் பொன்னான நேரம் போகிறது. 108-ஐ அழைத்து, ஸ்ட்ரோக் என்று சந்தேகம் என்று தெளிவாகச் சொல்லலாம். தமிழக அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைத் திட்டத்தில் விபத்து, மாரடைப்பு போல ஸ்ட்ரோக்கும் தனிப் பிரிவு.

தேய்க்கிற கை

வில்சன் தேய்த்துவிடச் சொன்னதில் ஆச்சர்யமில்லை. கை மரத்தால் கையில்தான் கோளாறு என்று தோன்றும். வலியும் இருக்காது. மாரடைப்பு நெஞ்சைப் பிடிக்கும், ஊரைக் கூட்டும். ஸ்ட்ரோக் பெரும்பாலும் வலிக்காமல் வருகிறது. அதனால்தான் நம் வீடுகளிலும் நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்க்கிறோம். சில ஊர்களில் புறா ரத்தம் தேடி ஓடுகிறார்கள். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு வயதே ஆவதில்லை. அடைப்பு மூன்று மில்லிமீட்டர் குழாயில், மண்டையோட்டுக்குள் இருக்கிறது. வெளியே எதைத் தேய்த்தாலும் அங்கே போகாது.

இதைவிட ஆபத்தானது, மயக்கமாக இருப்பவர் வாயில் தண்ணீரோ காபியோ சோடாவோ ஊற்றுவது. ஸ்ட்ரோக்கில் விழுங்கும் திறன் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஊற்றியது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. ஆஸ்பிரின் கொடுப்பதும் வேண்டாம். அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறதே என்று அவசரமாக மாத்திரை போட்டு இறக்குவதும் கூடாது. அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ள உடம்பு தானே அழுத்தத்தைக் கூட்டியிருக்கலாம்.

பார்க்க வேண்டியது மிகச் சில விஷயங்கள்தான். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா, இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா. திடீரென்று நடை தள்ளாடினாலும், பார்வை போனாலும் அதே எச்சரிக்கைதான். நோயாளி "எனக்கு ஒண்ணுமில்லை, படுத்தா சரியாயிடும், யாரையும் கூப்பிடாதே" என்று தெளிவான குரலில் சொன்னாலும் நம்பக் கூடாது. வலது மூளை அடைபட்டவரின் வாய் அப்படித்தான் சொல்லும். அந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டியது, பக்கத்தில் நிற்கிற மனைவியோ மகனோ மருமகளோதான். அப்பாவின் சொல்லை மீறிப் பழக்கமில்லாத வீடுகளில் இது சுலபமில்லை.

கட்டி எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. கழுத்துக் குழாயில் படிந்த கொழுப்பிலிருந்து உடைந்து வரலாம். மூளைக்குள்ளேயே குழாய் சுருங்கி அடைக்கலாம், நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு இது அதிகம். இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால், இதயத்தில் உறைந்த கட்டி ஒரே நொடியில் மூளைக்கு ஏறிவிடும். அது இருப்பது தெரிந்தால் தடுக்க மாத்திரை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ரத்த அழுத்தம். வில்சன் காலத்தில் அழுத்தத்தை அளக்கக் கருவி இருந்தது, குறைக்க உருப்படியான மாத்திரை இல்லை. அது வந்தது 1950-களின் கடைசியில். இன்று தெருமுனை மெடிக்கலில் கிடைக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியதிலிருந்து தமிழகத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். ஆனாலும் "தலைசுத்தல் நின்னுடுச்சு, அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று சொல்பவர்களைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார்.

படுக்கையறைக்கு வெளியே

வில்சனின் இடது கை கடைசிவரை வரவில்லை. ஊன்றுகோலோடு கொஞ்சம் நடக்கப் பழகினார். இன்று, நிலைமை சீரானதும் ஓரிரு நாள்களிலேயே உட்காரவைத்து, நிற்கவைத்துப் பயிற்சி தொடங்கிவிடுகிறார்கள். அவரையோ வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அமைச்சரவைக் கூட்டத்துக்கு அவர் வந்தது 1920 ஏப்ரலில். பதவிக்காலம் 1921 மார்ச்சில் முடிந்தது. 1924 பிப்ரவரி 3-ல் வாஷிங்டன் வீட்டில் காலமானார். அதிபர் செயல்பட முடியாத நிலை வந்தால் என்ன செய்வது என்று தெளிவாகச் சொல்லும் சட்டத்திருத்தம், அமெரிக்க அரசியல் சாசனத்தின் 25-வது திருத்தம், நடைமுறைக்கு வர 1967 ஆனது. எடித் அதற்குள் இல்லை. 1961 டிசம்பர் 28, கணவரின் பிறந்த நாளன்று, அவர் இறந்துபோனார்.

அதிபரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹக் யங், 1920 பிப்ரவரியில் பால்டிமோர் பத்திரிகை ஒன்றிடம் ரத்தக்கட்டி விஷயத்தைப் போட்டுடைத்தார். கூடவே, அதிபரின் மனத்தெளிவுக்கு எந்தக் குறையும் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். டெர்கம் அன்றைய பரிசோதனையைப் பற்றி எழுதிய குறிப்பு டாக்டர் கிரேசனின் காகிதங்களுக்குள்ளேயே கிடந்தது. இடது கை, இடது கால், தொய்ந்த முகம், வலது நடுமூளைத் தமனி என்று எல்லாம் அதில் இருந்தது. ஆய்வாளர்கள் கைக்கு அது வந்தபோது எழுபது ஆண்டுகள் ஓடியிருந்தன.